நீல டைக்கு ஓர் அர்ச்சனை

அமெரிக்காவில் இரவு ஒன்பது மணி என்றால் எங்களுக்குக் காலை ஏழரை. இரண்டு பேர் மேடையேறி ஒருவரை ஒருவர் பொய்யன் என்று சொல்லிக்கொள்ள அதைவிடப் பொருத்தமான நேரம் பஞ்சாங்கத்தில் கிடையாது.

ரங்கூனின் க்யிம்யிண்டைங் பேட்டையில் எங்கள் சந்தில் அந்த வேளையில் மின்சாரம் இருந்தால் தண்ணீர் மோட்டார் ஓடும், சோறு வேகும், ஆளாளுக்குப் போனைச் செருகிவிட்டுப் பக்கத்தில் காவல் இருப்பார்கள். அன்றைக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் விவாதம் பார்க்க என் வீட்டுக்கு மாடியேறி வந்தார்கள். என் மேல் உள்ள மரியாதையால் அல்ல. என் வீட்டில் பேட்டரி இருக்கிறது. மின்சாரம் போனாலும் ஒரு டிவியும் ஒரு விசிறியும் ஓடும். இரண்டாவது காரணம், எனக்கு இங்கிலீஷ் தெரியும். வரிசை அப்படித்தான். பேட்டரி முதலில், அப்புறம்தான் நான்.

நான் வீட்டிலேயே ஆங்கில வகுப்பு நடத்துகிறவள். என் அப்பாவும் அவருடைய அப்பாவும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்தே முதுகு வளைந்து போனவர்கள். அவர்கள் எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து இந்த இங்கிலீஷ். அதை வைத்துக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் சிங்கப்பூருக்கும் ஜப்பானுக்கும் ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பர்மியரானாலும் தமிழரானாலும் சந்தில் எல்லோருக்கும் நான் 'சயாமா'. டீச்சரம்மாவுக்கு இங்கே அதுதான் சொல்.

முதலில் வந்து நல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டவர் கீழ்வீட்டு அண்ணன். துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் கப்பல் வந்ததா போனதா என்று எழுதினவர் என்பதால் உலக விவகாரம் முழுவதும் தன் மேஜை வழியாகத்தான் போனது என்று நினைப்பு. டீக்கடையில் அவர் வாயைத் திறந்தால் பக்கத்து மேஜைக்காரன் காசை வைத்துவிட்டு எழுந்துவிடுவான். அவருக்குப் பின்னால் வந்தது பேஜ்காரத் தம்பி. எங்கள் கட்டடத்துக்குக் கீழேயே போன் கடை வைத்திருக்கிறான். மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது, இன்னும் எல்லோருக்கும் தம்பிதான். பேஸ்புக்கில் பர்மிய மொழியில் செய்திப் பக்கம் நடத்துகிறான். தமிழில் கேட்டால் புரியும்; பதில் பர்மியத்தில்தான் வரும். பேஸ்புக்கைத் தடை செய்திருக்கிறார்கள், திருட்டு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், தெருமுனையில் சிப்பாய்கள் நிறுத்திப் போனைத் திறக்கச் சொன்னாலும் சொல்வார்கள். இத்தனைக்கும் நடுவில் அவன் பக்கம் ஓகோ என்று ஓடுகிறது.

கடைசியாக ஏறி வந்தவள் கீரைக்காரம்மா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் வீடு. விடிவதற்கு முன் படகேறி வந்து எங்கள் மார்க்கெட்டில் முருங்கைக்கீரையும் கறிவேப்பிலையும் விற்பாள். அரசியல் என்றால் அவளுக்கு ஆகாது. அவள் வந்து உட்கார்ந்ததும் அண்ணனே திரும்பிப் பார்த்தார்.

"நீயுமா?" என்றார்.

"எம்பையன் சமாச்சாரம் ஏதாச்சும் பேசுவாங்களான்னு பாக்க வந்தேன்," என்று சொல்லிவிட்டுக் கூடையை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் டிவிக்கு மிகப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவள் மகன் என்னிடம் படித்தவன். ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சட்டம் வந்தபோது ஊரில் வயசுப் பிள்ளைகள் மாயமாய் மறைந்தார்கள் அல்லவா, அவர்களில் ஒருவன். இப்போது தாய்லாந்து எல்லையில் மேசோட்டில் இருக்கிறான். அமெரிக்காவில் குடியேறப் பெயர் கொடுத்து, நேர்காணல் முடித்து, கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறான். இதற்கிடையில் வேறொரு ஊரிலுள்ள தையல் ஆலையில் வேலைக்கு இடம் கிடைத்திருந்தது. வேலையோடு அங்கே தங்க அனுமதி அட்டையும் உண்டு. அட்டை இருந்தால் தாய்லாந்து போலீஸ் பிடித்து எல்லைக்கு இந்தப் பக்கம் தள்ளாது. ஆனால் ஆலைக்குப் போய்விட்டால் வளாகத்தை விட்டு வெளியே வர முடியாது, அமெரிக்கக்காரன் கூப்பிட்டாலும் போக முடியாது. அந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அவன் அம்மாவைக் கேட்டான். அம்மா என்னைக் கேட்டாள். நான் அன்றைக்கு முந்தின வாரமே, "கையில இருக்கறதப் பிடிச்சுக்கச் சொல்லுங்க," என்று சொல்லியிருந்தேன். இருந்தாலும் தாய் மனசு, பெரிய இடத்து வாயிலிருந்து ஒரு சொல் விழுமா என்று பார்க்க வந்துவிட்டாள்.

விவாதம் தொடங்கியது. ஒருவர் நீல டை, ஒருவர் சிவப்பு டை. பெயர் எங்கள் ஆட்கள் வாயில் நுழையாததால் கடைசி வரை அவர்கள் டைகளாகவே இருந்தார்கள். எங்கள் ஊருக்கு இந்த மாதிரிக் காட்சி பழக்கமில்லை. எங்கள் டிவியில் ராணுவ உடுப்பில் ஒருவர் எங்கேயாவது நின்றுகொண்டு விரலை நீட்டுவார், சுற்றி நிற்பவர்கள் சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார்கள். எதிரே நின்று பதில் பேச ஓர் ஆளை நிறுத்துவார்கள் என்பதே என் வரவேற்பறையில் பாதிப் பேருக்கு ஆச்சரியம்.

"ரெண்டு பேரையும் விவாதம் முடிஞ்ச பொறவு புடிச்சிட்டுப் போவாங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

நான் மொழிபெயர்க்க வேண்டும். தமிழில் ஒரு தரம், தம்பிக்கும் பர்மியர்களுக்கும் பர்மியத்தில் ஒரு தரம். வரியைப் பற்றி நீல டை சொல்வதை நான் முதல் மொழியில் சொல்லி முடிப்பதற்குள் சிவப்பு டை அவரைப் பொய்யர் என்று சொல்லியாகிவிடும். அதை இரண்டாவது மொழிக்குக் கொண்டுவருவதற்குள் இவர் அவரைப் பொய்யர் என்பார். கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு நல்ல வழி கிடைத்தது. "மறுபடியும் அதேதான்," என்று இரண்டு மொழியிலும் சொல்லிவிடுவேன். யாருக்கும் குறை தெரியவில்லை, ஏனென்றால் யாரும் பேச்சைக் கேட்கவில்லை. டை நேராக இருக்கிறதா, யார் தண்ணீர் குடித்தார், யாருடைய காது பெரிது, இதுதான் கணக்கு. காது பெரிதாக இருந்தால் ஆயுசும் அதிகாரமும் கெட்டி என்று அண்ணன் அடித்துச் சொன்னார். அவருடைய காது எனக்குத் தெரிந்து மிகவும் சிறியது.

கீரைக்காரம்மா மட்டும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் எந்த நாட்டின் பெயரைச் சொன்னாலும் என் பக்கம் திரும்புவாள். சீனாவைத் திட்டினார்கள். ரஷ்யாவைத் திட்டினார்கள். இன்னும் நாலைந்து நாடுகளை வரிசையாக நிறுத்திவைத்துத் திட்டினார்கள். ஒவ்வொரு தரமும் நான் தலையை ஆட்டி இல்லை என்பேன். நடுவில் மின்சாரம் போனது. பேட்டரி பிடித்துக்கொண்டது. விசிறியை அணைக்கச் சொன்னேன், வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு எல்லோரும் அமெரிக்க ஜனநாயகத்தைப் பார்த்தோம். முடிந்தபோது அவள் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் சொல்லலியே சயாமா?"

"சொல்லல. நான் சொன்னதைச் செய்யச் சொல்லுங்க."

"சரி சயாமா," என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்கு இறங்கிப் போனாள். அன்றைக்கு அவள் கீரை முக்கால்வாசி வாடிப்போயிருந்தது.

அவள் போனாளே தவிர மற்றவர்கள் போகவில்லை. விவாதத்தைவிட ருசியானது அதற்குப் பிறகுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். டிவியில் எட்டுப் பேர் சதுரச் சதுரமாக வந்து உட்கார்ந்தார்கள். ஒரே பேச்சைக் கேட்டுவிட்டு நாலு பேர் நீலம் வென்றது என்றும் நாலு பேர் சிவப்பு வென்றது என்றும் சொன்னார்கள். சொல்வதற்கு முன்னாலேயே அவர்கள் முகத்தைப் பார்த்து யார் எந்தப் பக்கம் என்று நானே சொல்லிவிட்டேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு எதற்கு விவாதம் என்று கேட்டேன். அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இதெல்லாம் அனாலிசிஸ். உனக்குப் புரியாது," என்றார்.

அதுவரைக்கும் அவர் கேட்ட ஒவ்வொரு சொல்லையும் நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் அதற்குள் இறங்கி டீக்கடைக்குப் போய்விட்டார், வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்துவிட்டதே. நான் சாயங்காலம் ரொட்டி வாங்கப் போனபோதும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சிவப்பு டை தோளை உயர்த்திய விதத்தில் ஒரு ராஜதந்திரம் இருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜையில் இரண்டு பேர், எத்தனை தரம் யார் தண்ணீர் குடித்தார் என்பதை வைத்து இரண்டு இலக்க லாட்டரிக்கு நம்பர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடையில் அவர்கள்தான் கொஞ்சம் நிதானமானவர்கள் என்று எனக்குத் தோன்றியது.

நம் தம்பியும் சும்மா இருக்கவில்லை. நீல டை ஆட்காட்டி விரலை நீட்டுவது போல ஒரு படம். அதைப் போட்டுக் காலையில் 'நீலம் சிவப்பை நார் நாராகக் கிழித்தது' என்றான். மத்தியானம் அதே படத்தைப் போட்டு 'நிதானம் இழந்த நீலம்' என்றான். ஏன்டா என்று கேட்டதற்கு, "ரெண்டு பக்கத்து ஆளும் நம்ம கஸ்டமர்தான் சயாமா," என்று பர்மியத்தில் சொன்னான். சாயங்காலம் இருவரும் எந்தக் கிழமையில் பிறந்தவர்கள் என்று ஒரு பதிவு. இங்கே ஒரு மனிதனுக்குப் பெயரைவிடப் பிறந்த கிழமைதான் முக்கியம். கிழமை தெரிந்தால் குணம் தெரியும், யாரோடு ஒத்துப்போகும் என்று தெரியும், புத்தர் கோயிலான பகோடாவில் எந்த மூலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தெரியும். நீல டை வியாழக்கிழமை, சிவப்பு டை சனிக்கிழமை என்று போட்டிருந்தான். சனிக்கும் வியாழனுக்கும் ஏழாம் பொருத்தம், அதனால்தான் இந்தச் சண்டை என்று ஜோசியர் ஒருவர் விளக்கம். எட்டுப் பேர் சதுரத்தில் உட்கார்ந்து சொன்னதைவிட இது தெளிவாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து மார்க்கெட் முடியும் நேரத்தில் கீரைக்காரம்மா மாடியேறி வந்தாள். குளித்து, தலைக்குப் பூ வைத்து, மடிப்புக் கலையாத சேலை. வியாபார நாளில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

"சயாமா, நீல டைக்காரரு முழுப் பேரு என்ன? ஒரு தாள்ல எழுதிக் குடுங்களேன். கோயில்ல அர்ச்சனைக்கு வேணும்."

நான் வேதக்காரி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளருக்கு அர்ச்சனை நடப்பதை நேரில் பார்க்காமல் விட்டால் அந்த ஆண்டவரே என்னை மன்னிக்க மாட்டார். எழுதிக் கொடுப்பதற்குப் பதில் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே போனேன்.

கோயிலில் போய் நின்றால் அங்கே அண்ணன் நிற்கிறார். கையில் தேங்காய் பழத் தட்டு. எங்களைப் பார்த்ததும் தட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தார், பழம் உருண்டது.

"என்ன விசேஷம்ணே?" என்றேன்.

"சும்மாத்தான். சிவப்புக்கு," என்றார்.

டீக்கடையில் அவர் பந்தயம் கட்டியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. இதற்குப் பெயரும் அனாலிசிஸ்தான் போலிருக்கிறது.

குருக்கள் வெளியே வந்தார். கீரைக்காரம்மா தட்டை நீட்டினாள், நான் பெயரைச் சொன்னேன். அவர் கண்ணை இடுக்கினார்.

"நட்சத்திரம்?"

"தெரியாதுங்க சாமி. வியாழக்கிழமை பொறந்தவரு. பேஜ்ல போட்டிருக்கு."

குருக்கள் ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்தவர். இதெல்லாம் அவருக்குப் புதிதில்லை. "வியாழன்னா குரு. குருவோட நட்சத்திரம் மூணு இருக்கு. புனர்பூசம்னு வச்சிக்குவோம். கோத்திரம்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

"சரி, தெரியாதவங்களுக்கு சிவகோத்திரம்," என்று முடித்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "உங்க ஆளு?"

"சனிக்கிழமை," என்றார் அண்ணன் மெல்லிய குரலில்.

"அனுஷம். சிவகோத்திரம்."

"ரெண்டு பேரும் ஒரே கோத்திரமா சாமி?" என்று கேட்டேன். "அப்ப பங்காளிங்க ஆகிடறாங்களே."

"பின்ன இத்தன அடிச்சிக்கிறாங்களே, பங்காளியாத்தான் இருக்கணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரே மூச்சில் இரண்டு பேருக்கும் அர்ச்சனை முடிந்தது. இரண்டு பெயரும் அவர் வாயில் சம்ஸ்கிருதமாகிவிட்டன. ஒரே மணி, ஒரே கற்பூரம். எட்டுப் பேரை உட்காரவைத்து விடிய விடியப் பேசவைத்தும் செய்ய முடியாத சமரசத்தை அவர் அத்தனை லேசாகச் செய்துவிட்டார். நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். சிரித்தது அவ்வளவுதான்.

விபூதியைப் பூசிக்கொண்டு கீரைக்காரம்மா திரும்பியபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"அவரு ஜெயிச்சிடணும் சயாமா. காலையில பகோடாவுலயும் வியாழக்கிழமை மூலையில தண்ணி ஊத்திட்டு வந்தேன். எம்பையனக் கூப்பிட்டுக்குறேன்னு வாயால சொன்ன மனுசன்."

"யார் சொன்னது?"

"நீங்கதானே சொன்னீங்க," என்றாள்.

போனை எடுத்துக் காட்டினாள். தம்பியின் பக்கம். அதே விரல் நீட்டிய படம். அதன் மேல் பெரிய எழுத்தில், தான் ஜெயித்தால் எல்லையில் காத்திருக்கும் மியன்மர் இளைஞர்கள் அனைவரையும் அமெரிக்கா அழைத்துக்கொள்ளும் என்று நீல டை விவாதத்தில் வாக்குக் கொடுத்ததாகப் போட்டிருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில்: 'க்யிம்யிண்டைங் ஆங்கில சயாமாவின் நேரடி மொழிபெயர்ப்பு'. அதற்கும் கீழே, முடிவே இல்லாமல், கும்பிட்ட கைகளும் இதயங்களும் எங்கே பெயர் கொடுப்பது என்ற கேள்விகளும்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் சொல்லாத ஒரு சொல்லுக்கு என்னைச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறான். அந்தக் கோபத்தையும் தாண்டி ஒரு பயம் வந்தது.

"பையன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"அவனே பாத்துட்டான். நேத்து போன் பண்ணி, சயாமாவே சொல்லிட்டாங்க, அப்ப ஆலைக்குப் போவலம்மான்னான். நானும் சரின்னேன். அன்னிக்கு நீங்க ஒண்ணும் சொல்லலன்னு சொன்னீங்க. நான் எந்திரிச்சி வந்த பொறவு பேசியிருப்பாரு போலன்னு நினைச்சிக்கிட்டேன்."

கோயில் தூணுக்குப் பக்கத்தில் நின்று அவளிடம் உள்ளதைச் சொன்னேன். அது பொய், அவன் தன் பக்கத்துக்காகக் கட்டிவிட்டது, நீல டை அப்படிச் சொல்லவில்லை, சிவப்பு டையும் சொல்லவில்லை. நம் நாட்டின் பெயர் அந்த மேடையில் ஒரு தடவைகூட வரவில்லை.

"திட்டக்கூட இல்லியா சயாமா?"

"இல்ல."

"மத்த நாட்டையெல்லாம் திட்டினாங்களே, நீங்கதான் சொன்னீங்க. நம்மள ஒரு வார்த்த திட்டியிருந்தாலும், அங்கன அப்படி ஒரு எடம் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்னு இருந்திருக்கும்."

இந்தக் கேள்வியைக் கேட்க அந்தச் சதுரங்களில் ஓர் ஆளைக்கூட உட்காரவைக்கவில்லை. நான் மகனுக்குப் போன் போட்டேன். அவன் என் குரலைக் கேட்டதும் சந்தோஷமாகத்தான் பேசினான். "சயாமா, இங்க எல்லாரும் உங்க பேரச் சொல்லிக் கும்புடுறாங்க," என்றான். நான் சொல்லி முடித்தேன்.

"ஆலைக்காரங்ககிட்ட இப்பவே போய்ச் சொல்லு, வர்றேன்னு," என்றேன்.

"வண்டி காலையில போயிடுச்சு சயாமா. என் எடத்துக்கு வேற ஆள ஏத்திக்கிட்டாங்க."

போனைத் தாயிடம் கொடுத்துவிட்டு நான் தள்ளிப்போய் நின்றுகொண்டேன். அவள் அவனைத் திட்டவில்லை, அழவுமில்லை. வெளியே சுற்றாதே, ராத்திரியில் கதவைத் திறக்காதே என்று சொல்வது மட்டும் கேட்டது.

நேராகத் தம்பியின் கடைக்குப் போனேன். அவன் ஒரு போனின் முதுகைப் பிரித்துவைத்து ஊதிக்கொண்டிருந்தான். நான் கத்தினதை முழுக்கக் கேட்டான். கெட்டவன் இல்லை அவன், அதுதான் கொடுமை. உண்மையிலேயே திகைத்துப்போய், "எல்லாரும் நம்மளப் பத்தி என்ன சொன்னாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க சயாமா, ஒண்ணும் சொல்லலன்னு எப்படிப் போடறது, மனசு விட்டுப்போயிடுவாங்கல்ல," என்றான். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்கள். இங்கே கேட்கிறவர்களே பாத்திரத்தை நீட்டிக்கொண்டு, எங்கேடா நெய் என்று நிற்கிறார்கள்.

"எடுத்துடு அத," என்றேன்.

"எடுத்தா பேஜே படுத்துடும் சயாமா. இதுவரைக்கும் எதுவும் இப்படிப் போனதில்ல."

"அப்ப இனிமே மின்சாரம் இல்லாத நேரத்துல கடைப் போனையெல்லாம் தூக்கிக்கிட்டு என் வீட்டுப் பேட்டரிக்கு வராதே."

உலகத்தில் எந்தப் பத்திரிகை தர்மமும் செய்யாத வேலையை அது செய்தது. பதிவை எடுக்க மாட்டேன், மறுப்பு வேண்டுமானால் போடுகிறேன் என்று இறங்கி வந்தான். நானே எழுதினேன். நீல டையும் சிவப்பு டையும் மியன்மரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, கையில் இருக்கும் வேலையை யாரும் விட்டுவிட வேண்டாம். அவ்வளவுதான். தம்பி படித்துவிட்டு, "ரொம்ப வறண்டு கிடக்கே சயாமா," என்றான். படம் இல்லாமலே போடச் சொன்னேன்.

போட்ட சிறிது நேரத்தில் வந்து விழத் தொடங்கியது. இவள் எவ்வளவு வாங்கினாள். இவள் சிவப்பின் ஆள். முதலில் உண்மையைச் சொல்லிவிட்டு மிரட்டலுக்குப் பயந்து மாற்றிப் பேசுகிறாள், பாவம். தன் பிள்ளைக்கு விசா கிடைக்காத பொறாமை என்று ஒருவர். எனக்குப் பிள்ளையே இல்லை. அண்ணன்கூட டீக்கடையிலிருந்து ஏறி வந்து, இரண்டு அறிக்கையையும் சேர்த்துப் பார்த்தால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது என்று என்னிடமே விளக்கினார். நான் வாசலில் நின்று அவரைப் போகச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மறுபேச்சுப் பேசாமல் போனார்.

மறுநாள் காலை மார்க்கெட்டுக்குப் போனேன். கீரைக்காரம்மா வழக்கமான இடத்தில், வழக்கமான பழைய சேலையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி ஒரே கூட்டம். என்றைக்கும் பேரம் பேசிக் கழுத்தை அறுக்கிற மீன்காரி சொன்ன விலைக்குக் கீரை வாங்கிக்கொண்டு, "ஒம்மவன் அமெரிக்கா போறானாமே, நல்லா இருக்கட்டும்," என்றாள்.

"இல்லக்கா. அது பொய்யி. யாரும் கூப்பிடல. இருந்த வேலையும் போயிடுச்சு," என்றாள் இவள்.

மீன்காரி புரிந்துகொண்டவளாகத் தலையை ஆட்டினாள். நகர்ந்து வந்து பக்கத்துக் கடைக்காரியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னது எனக்குக் கேட்டது. "கண்ணு பட்டுடும்னு மறைக்கிறா. வெவரமானவதான். நானா இருந்தாலும் சொல்ல மாட்டேன்."

அடுத்து வந்தவளும் அப்படித்தான். அவள் வாழைப்பழச் சீப்பு ஒன்றைக் கூடையில் வைத்துவிட்டு, உங்க பையன் அங்கே போய்ச் சேர்ந்ததும் எங்க வீட்டுப் பிள்ளையையும் மறந்துவிடக் கூடாது என்றாள். கீரைக்காரம்மா அவளுக்கும் அதையே சொன்னாள். பொய், யாரும் கூப்பிடவில்லை, வேலை போய்விட்டது. வந்தவள் அவள் தோளைத் தட்டி, புரியுது புரியுது என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள்.

கூட்டம் கலைந்த பிறகு நான் கிட்டே போனேன். ஒரு கட்டு முருங்கைக்கீரையை எடுத்தேன். அவள் அதைத் தாளில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"காலையிலருந்து வந்தவங்ககிட்டயெல்லாம் உள்ளதத்தான் சொன்னேன் சயாமா. அத்தன பேரும் எம்பையனுக்கு வாழ்த்து சொல்லிட்டுப் போறாங்க."

கீரையை என் கையில் கொடுத்தாள்.

"அவங்க வாழ்த்துற அந்தப் பையன் எங்க இருக்கான்னு தெரிஞ்சா, நானும் ஒரு தரம் போயிப் பாத்துட்டு வந்துடுவேன்."